சேய்நோயும் தாய்மொழியும்

நோயைச் சொல்லத் தெரியாத வீட்டுக்கு மருந்தைக் கேட்கவும் தெரியாது. முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் தமிழ் கற்பித்துவரும் யான், இவ்வுண்மையை எந்த இலக்கண நூலிலும் கற்றேனல்லேன். என் பெயர்த்தியின் தூளியருகே நின்று கற்றேன். வீட்டுச் செய்தியை இயக்க இதழில் எழுதுவது எனக்கு வழக்கமன்று. ஆயினும், ஒரு வீட்டில் நேர்ந்தது நாட்டின் எல்லா வீடுகளிலும் நேர்ந்துகொண்டிருக்குமாயின், அது வீட்டுச் செய்தியாக இராது, நாட்டுச் செய்தியாகிவிடும். ஆதலின் எழுதுகின்றேன்.

என் மகள் தலைப்பேற்றுக்காகத் திருநீர்மலையிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தாள். சுறவத் திங்களில் பெண்மகவு பிறந்தது. முதல் திங்கள் இடரின்றிக் கழிந்தது. அதன்பின், பால்குடித்து முடிந்ததும் குழவி பாலைக் கக்கத் தொடங்கிற்று. முதலில் நாளைக்கு ஓரிரு முறை. பிறகு ஆறேழு முறை. மேழ வெயில் ஏறியபோது கன்னங்களிலும் கைகால்களின் புறத்தேயும் தோல் சிவந்து சொரசொரத்தது. இரவெல்லாம் பிள்ளை தன் முகத்தைத் தாயின் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதது. அவ்வழுகையைக் கேட்டவாறு அடுத்த அறையில் கண்மூடிக் கிடக்க எந்தப் பாட்டனால் இயலும்?

என் துணைவியார் தம் தாயிடம் கற்றவாறே செய்தார். கக்கலுக்கு மாந்தம் என்றும், தோலுக்குக் கரப்பான் என்றும் பெயரிட்டார். கத்தரிக்காயும் கருவாடும் மகளின் இலையிலிருந்து நீக்கப்பட்டன. பால் நன்கு சுரக்கவேண்டி நாளைக்கு மும்முறை பூண்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தார். வசம்பைச் சுட்டு உரைத்துப் பிள்ளையின் நாவில் தடவினார். யானோ அருகிருந்து, “தேனில் குழைத்துக் கொடு; அதுவே நம் முன்னோர் முறை” என்று பெருமையோடு மொழிந்தேன். அப் பெருமைக்குப் பின்னர் யான் நாணவேண்டி வந்தது. அதனை அதனிடத்திற் சொல்வேன்.

குறையாமை கண்டு மகளும் மருகரும் நகரின் தனியார் மருத்துவமனை யொன்றுக்குப் பிள்ளையை எடுத்துச் சென்றனர். யானும் உடன் சென்றேன். பட்டம் பெற்ற என் மகள், தமிழாசிரியனின் மகள், மருத்துவரிடம் சொன்னது இது: “பேபி எப்போதும் வாமிட் பண்ணுது டாக்டர், சுகின்னெல்லாம் ரேசு.” மருத்துவர் இரண்டு நொடிப்பொழுது பிள்ளையைப் பார்த்தார். “ரிபிளக்சு”, “எக்சிமா”, “அலர்சி” என்று மூன்று சொற்களை உதிர்த்தார். வாயாலெடுப்பதை நிறுத்த ஒன்று, வயிற்றுக் காடியைக் குறைக்க ஒன்று, தோலுக்கு ஒரு களிம்பு என மூன்று மருந்துகளை ஆங்கிலத்தில் எழுதினார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் குறிப்பிட்டதொரு தகரப்பெட்டி மாவைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் வினவத் தெரியவில்லை. வினவுவதற்கு வேண்டிய சொல் எங்கள் கையில் இல்லை.

அன்றிரவு என் மகள் கேட்ட வினாவை யான் சாகுமளவும் மறவேன். “அப்பா, என் பாலே இவளுக்கு நஞ்சாகிவிட்டதா?”

ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழியைப் பேசும் வீட்டில், பிள்ளை பெற்ற தாயொருத்தி, அயன்மொழிச் சொற்கள் மூன்றைப் பொருளறியாமல் சுமந்து வந்து, தன் மார்பையே ஐயுற்று அழுதாள். தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவோர் இவ்வழுகைக்கு விடை சொல்லவேண்டும். மேடையேறியோருள் யானும் ஒருவன். ஆதலின் முதற்கண் என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஒரு சொல் செய்த பண்டுவம்

மறுநாள் எம் பகுதியிலுள்ள அரசு நலவாழ்வு நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவ அம்மையார் முதலில் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். எடை ஒழுங்காக ஏறியிருந்தது. அதன்பின் அவர் என் மகளை விடுத்து என் துணைவியாரை நோக்கினார். “அம்மா, பிள்ளை கக்குகிறதா, பீறிட்டு வாயாலெடுக்கிறதா?” என்றார்.

என் துணைவியார் எட்டாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். அவர் தயங்காது சொன்னார்: “கக்குகிறதுதான். முகஞ் சுளிப்பதில்லை, ஓங்கரிப்பதில்லை. பால் கடைவாயில் தயிர்போல வழிகிறது. வழிந்தபின் சிரிக்கிறது. ஆனால், இரண்டு மூன்று முறை வெளிக்குப் போனதில் சளியும் நூல்போற் குருதியும் கண்டேன்.”

“இதனை அங்கே சொன்னீர்களா?”

“யாரும் கேட்கவில்லையே, அம்மா.”

மருத்துவர் எங்களை அமரச் செய்து, கால் மணிநேரம் நல்ல தமிழில் விளக்கினார். அவர் விளக்கியதை, ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் பயன்படும் என்பதால், சுருக்கித் தருகின்றேன்.

பச்சிளங் குழவிக்கு உணவுக்குழலும் இரைப்பையும் கூடுமிடத்திலுள்ள சுருக்குத்தசை இன்னும் உரம்பெறவில்லை. அதன் உணவு முழுதும் நீருணவு. அது பெரும்பொழுதும் படுத்தே கிடக்கின்றது. ஆதலின் குடித்த பாலிற் சிறிது மேலே திரும்பி வருகின்றது. இது நோயன்று, வளர்ச்சியின் ஒரு படி. பிரித்தானிய நாட்டின் நலவாழ்வு வழிகாட்டு நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, நூற்றுக்கு நாற்பது குழவிகளுக்கேனும் இஃது உண்டு. பெரும்பாலும் எட்டுக் கிழமை நிறையுமுன் தொடங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு குழவிகளுக்கு ஓராண்டு நிறையுமுன் தானே நின்றுவிடும். நன்கு எடை ஏறி, சிரித்து விளையாடும் பிள்ளை கக்குமாயின் அதற்கு மருந்து வேண்டா. பாலூட்டியபின் இருபது முப்பது மணித்துளி தோளில் நிமிர்த்தி வைத்திருத்தல் போதும். கக்குகிறதே என்று குப்புறக் கிடத்தலாகாது. மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டும். வயிற்றுக் காடியைக் குறைக்கும் மருந்தை இவ்வெளிய கக்கலுக்குத் தருவதால் பயனில்லை என்பதே இற்றை மருத்துவ நெறி.

ஆனால் கக்கலும், தோலழற்சியும், வெளிக்குப் போவதிற் குருதியும் ஒருங்கே காணப்படுமாயின், அங்கே ஐயுறவேண்டிய கரணியம் ஒன்று உண்டு. ஆவின் பாலிலுள்ள புரதம் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. தாய் குடிக்கும் ஆவின்பாலின் புரதம் சிறுசிறிதாகத் தாய்ப்பாலிலும் கலந்து வரும். எனவே நிறுத்தவேண்டியது தாய்ப்பாலை யன்று. தாய் குடிக்கும் மாட்டுப்பாலை. பால், தயிர், மோர், நெய், பாற்கட்டி ஆகியவற்றை இரண்டு முதல் நான்கு கிழமை நீக்கிப் பார்க்கவேண்டும். அந்நாள்களில் தாய்க்குச் சுண்ணச்சத்துக் குறையாதிருக்கக் கேழ்வரகும், எள்ளும், கீரையும், முள்ளோடு உண்ணும் சிறுமீனும், வேண்டின் மாத்திரையும் கொள்ளவேண்டும். குணங்கண்டபின் மீண்டும் பாலைக் குடித்து, நோய் திரும்புகிறதா என்று பார்த்தே உறுதி செய்யவேண்டும். இவையெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில் நடக்கவேண்டும்; வெறும் ஐயத்தால் ஆண்டுக்கணக்கிற் பட்டினி காத்தலாகாது.

என் துணைவியார் என்னைப் பார்த்தார். யான் நிலத்தைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஆகாததைத் தாய் உண்ணலாகாது என்ற நம் பாட்டியரின் நெறி சரியே. ஆனால் தீங்கற்ற கத்தரிக்காயை விலக்கிய நாம், தீங்கு செய்த பூண்டுப்பாலை நாளைக்கு மும்முறை ஊட்டியிருந்தோம்!

பாலை நீக்கினோம். மூன்று கிழமையில் கன்னத்துச் சிவப்புத் தணிந்தது, குருதி நின்றது. மீண்டும் பாலருந்திய நான்காம் நாள் சிவப்புத் திரும்பிற்று. கரணியம் உறுதியாயிற்று. தகரப்பெட்டி திறக்கப்படாமலே பரண்மேல் இருக்கின்றது. பெயர்த்திக்கு இன்று எட்டுத் திங்கள் நிறைந்துவிட்டன. கேழ்வரகுக் கூழுண்டு, கைகொட்டி, தன் தாயின் பாலையும் குடித்து வளர்கின்றாள். கக்கல் அரிதாகிவிட்டது.

சொல்லிழந்தால் நோயறிவிழப்போம்

இனி, இந்நிகழ்ச்சியின் உள்ளீட்டை நோக்குவோம். தனியார் மருத்துவமனை மருத்துவர் தீயவரல்லர், அறிவற்றவருமல்லர். அவருக்கு என் மகள் கொடுத்த சொல் ‘வாமிட்’ என்பது. வாயாலெடுப்பதை நிறுத்தும் மருந்தை அவர் எழுதினார். கொடுத்த சொல்லுக்கு ஏற்ற மருந்து வந்தது!

தமிழில் இவ்வொன்றுக்கு எத்தனை சொற்கள்! வாயிலுள்ளதை வெளியேற்றுதல் உமிழ்தல். உண்டது வருத்தமின்றி மீண்டு வழிதல் கக்குதல். தொண்டைவரை எழுந்து நிற்றல் எதுக்களித்தல். எடுக்கப்போகும் உணர்ச்சி குமட்டல். எடுக்க முயன்று உடல் உலுக்கப்படுதல் ஓங்கரித்தல். உள்ளே உள்ளதெல்லாம் விசையோடு வெளிப்படுதல் வாயாலெடுத்தல். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல; ஒவ்வொன்றும் உடலின் வேறு வேறு நிலையைக் குறிப்பவை. மருத்துவர் முதலிற் கேட்டறிய வேண்டிய வேறுபாடும் இதுவே. நம் பாட்டியர் வாயிற் கருவியாகவே அமைந்திருந்த இச்சொற்களை யெல்லாம் எறிந்துவிட்டு, ‘வாமிட்’ என்னும் ஓரொலிக்குள் நாம் அடைத்துவிட்டோம். அதற்கு முன்னரே ‘வாந்தி’ என்னும் வடசொல் அவ்வேலையைத் தொடங்கிவிட்டது. ஆங்கிலம் அதனை முடித்துவைத்தது.

தோலுக்கும் அவ்வாறே. சொறி, சிரங்கு, படை, அக்கி, தேமல், தடிப்பு, வேர்க்குரு, கொப்புளம், கரப்பான் என்று நம் மகளிர் கண்ணாற் கண்டே பிரித்தறிந்தனர். இன்று எல்லாம் ‘ரேசு’. வேனிலிற் கழுத்து மடிப்பிற் பொடிப்பது வேர்க்குரு; கக்கிய பால் மோவாயின்கீழ்த் தங்கி ஈரத்தாற் புண்படுதல் வேறு; கன்னத்திற் சொரசொரத்து நமைப்பது கரப்பான். முதலதற்குக் காற்றோட்டம் மருந்து. இரண்டாவதற்கு ஈரம் ஒற்றியெடுத்தல் மருந்து. மூன்றாவதற்குத் தோலின் ஈரப்பசை காத்தல் மருந்து. பெயரை ஒன்றாக்கினால் மருந்தும் ஒன்றாகும். மருந்து ஒன்றானால் பிள்ளை துன்புறும்.

நம் முன்னோர் குழவியைக் கூர்ந்து நோக்கியோர். இளமைக்கு மட்டும் ஒன்பது பெயர்களை மரபியலில் எடுத்துரைத்தது தொல்காப்பியம். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை எண்ணுக. ஐந்தாம் திங்கள் செங்கீரையில் பிள்ளை கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடும். ஒன்பதாந் திங்கள் சப்பாணியில் அமர்ந்து கைகொட்டும். ஆண்டு நிறையும் அளவில் வாரானையில் நடந்து வரும். கக்கல் நான்காந் திங்களளவில் மிகுந்து, பிள்ளை நிமிர நிமிரக் குறைந்து, நடக்கும் பருவத்தில் ஒழிகின்றது என்பதே இற்றை மருத்துவம் கண்ட முடிவும். அப் புலவர்கள் மருத்துவம் எழுதினாரல்லர். ஆனால் பிள்ளையின் வளர்ச்சிப் படிகளைத் திங்கள் வாரியாகக் கண்டு நூல்செய்த இனம் நம் இனம்.

நம் குறையையும் நாம் சொல்வோம்

பழையதெல்லாம் பொன் என்று கூறுவது பற்றாகுமேயன்றி அறிவாகாது. யான் தேனைக் கொடுக்கச் சொன்னதைக் கேட்ட அம்மருத்துவர், “ஐயா, ஓராண்டு நிறையுமுன் தேன் ஒரு துளியும் கூடாது” என்றார். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதை, பெரியோர் வயிற்றில் ஒன்றுஞ் செய்யாது. குழவியின் குடலில் முளைத்து நஞ்சுண்டாக்கித் தசைகளைச் செயலறச் செய்யும். இந்நோய் 1976இல்தான் அமெரிக்காவிற் கண்டறியப்பெற்றது. நம் முன்னோர் அதனை அறிந்திருக்க வழியில்லை; அறிந்தபின்னும் விடாமை நம் குற்றம்.

வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரிட்டனர் நம்மவர். ஆயினும் அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் விலங்குகளுக்குத் தீங்கு செய்வதை ஆய்ந்துகண்டு, அதனை உணவிற் சேர்க்க அமெரிக்க அரசு 1968இல் தடைவிதித்தது. பிள்ளையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதால் அவ்வெண்ணெய் நுரையீரலுட் புகுந்து அழற்சி உண்டாக்கியதைத் தென்னாட்டு மருத்துவர்கள் பலகாலும் கண்டிருக்கின்றனர். குளித்த பிள்ளையைச் சாம்பிராணிப் புகையிற் காட்டுவதும், மணப்பொடியைக் கொட்டி வெண்மையாக்குவதும், நொந்த தோலுக்கும் இளம் மூச்சுக்கும் ஆகாதவை. ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றி நீரும் வேண்டா என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

எங்கள் ஊர்ப்பெயரிலேயே நீர் இருக்கின்றது. மலையை நீர் சூழ்ந்திருந்ததால் நீர்மலை என்பர்; திருமங்கையாழ்வார் நீர்வடியக் காத்திருந்தார் என்பது ஊர்க்கதை. இன்று எம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது சவர்க்காரம் நுரைக்காத உவர்நீர். உவர்நீரும் முரட்டுச் சவர்க்காரமும் கரப்பான் தோலை மேலும் உலர்த்தும். மருத்துவர் சொற்படி இளஞ்சூட்டு நன்னீரில் விரைந்து குளிப்பாட்டி, ஈரம் உலருமுன் மணமற்ற மென்களிம்பு பூசினோம். கோவிற் குளத்தூரில் வாழ்ந்துகொண்டு, பிள்ளையின் குளியலுக்கு நீரை விலைகொடுத்து வாங்கினோம் என்பதையும் இங்கே பதிவு செய்கின்றேன்.

வெற்றிடத்தில் வணிகன்

தாய்மொழியில் மருத்துவ அறிவு இல்லாத வெற்றிடத்தில் நுழைந்தவன் வணிகன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் உட்வர்டு என்பார் 1851இல் ஒரு பிள்ளைநீர் செய்தார். அதன் பழைய கலவையில் சதகுப்பை எண்ணெயும், உவர்மாவும், சருக்கரையும், சாராயமும் இருந்தன. சாராயம் பின்னாளில் நீக்கப்பட்டது. அப்பிள்ளைநீர் ‘கிரைப் வாட்டர்’ என்ற பெயரில் நம் வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தது? மருத்துவர் வாயிலாக வன்று, பாட்டி வாயிலாக. பாட்டி தாய்க்கும் தாய் மகளுக்கும் சொல்வதாக அமைந்த விளம்பரத்தைக் கேளாத தமிழர் இலர். நம் பாட்டியின் நாவையே வணிகன் வாடகைக்கு எடுத்தான்! அவள் உண்மையில் அறிந்திருந்த சொற்கள் மறைந்தன. அவன் எழுதிக்கொடுத்த சொற்கள் நிலைத்தன.

மாவுப்பாலின் வரலாறு இதனினும் கொடிது. சிசிலி வில்லியம்சு என்னும் மருத்துவ அம்மையார் 1939இலேயே சிங்கப்பூரில் அதனைக் கொலை யென்றே கடிந்து பேசினார். 1981இல் உலக நலவாழ்வுப் பேரவை மாவுப்பால் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தபோது 118 நாடுகள் இசைந்தன. எதிர்த்தது ஒரே நாடு, அமெரிக்கா. இந்திய நடுவணரசு 1992இல் தனிச் சட்டமே இயற்றிற்று. 2003இல் அதனைத் திருத்தி, இரண்டாண்டு அகவைக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உணவுகளை விளம்பரப்படுத்துவதைத் தடுத்தது. தாய்மாருக்கு மாதிரிப் பெட்டி கொடுப்பதும், பெட்டியிற் குழவியின் படம் போடுவதும், மருத்துவத் துறையினருக்கு ஊக்கப்பொருள் வழங்குவதும் அச்சட்டத்தாற் குற்றம். தாய்ப்பால் கிட்டாத பிள்ளைக்கும், கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் மாவுப்பால் வேண்டியிருக்கலாம், அதனை மறுப்போமல்லோம். ஆனால் மார்பிற் பால் சுரக்கும் தாயை அச்சுறுத்தி அதனை விற்றல் அறமாகாது. இச்சட்டத்தை என் மகள் அறியாள், யானும் அறிந்திலேன். அறியாதவனைச் சட்டம் எங்ஙனம் காக்கும்?

முடியுமா என்போர்க்கு

மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று வினவுவோர் இன்னும் உளர். அவர்க்கு அயலவர் ஒருவரையே சான்றாகக் காட்டுகின்றேன். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு மாநிலத்திற் பிறந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மானிப்பாயில் ஈழத்தமிழ் இளைஞர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூல் 1857இலும், கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1872இலும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதி. அஃது அக்காலக் குறை. ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டார் ஒருவர் செய்து காட்டியதை, நமக்கென அரசும், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும், 1981இல் தஞ்சையில் நிறுவிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருந்தும், முழுதாகச் செய்து முடிக்காதிருப்பது யார் குறை?

நாமும் ஒன்றும் செய்யாதாரல்லேம். ‘ஆசுபத்திரி’ மருத்துவமனை ஆயிற்று. ‘நர்சு’ செவிலியர் ஆயினர். ‘பிரசவ’ விடுதி மகப்பேற்று மனை ஆயிற்று. இச்சொற்களைக் கண்டு நகைத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று இயல்பாக அவற்றைப் பேசுகின்றனர். பலகையில் ஏறிய தமிழ் மருந்துத்தாளில் ஏறவில்லை, அவ்வளவே குறை.

எம் ஊருக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் வாழ்ந்தார். 1916இல் தம் மகளார் நீலாம்பிகையோடு வள்ளலார் பாடலொன்றை எண்ணி உரையாடுகையில், ‘தேகம்’ இருந்த இடத்தில் ‘யாக்கை’ இருந்திருப்பின் எத்துணை நன்றாயிருக்கும் என்ற எண்ணத்தினின்று தனித்தமிழ் இயக்கம் முளைத்தது என்பர். அப்பாடல் தாயையும் சேயையும் பேசுவது. அச்சொல் உடலைக் குறிப்பது. அவ்வுரையாடல் தந்தைக்கும் மகளுக்கும் இடையே நிகழ்ந்தது. நம் இயக்கம் ஒரு வீட்டில், உடல் பற்றிய ஒரு சொல்லிற் பிறந்தது. அது மேடைக்கு வந்தது, ஆட்சிக்கு வந்தது, மீண்டும் வீட்டுக்கு, தொட்டிலருகே செல்ல மறந்துவிட்டது.

செய்யவேண்டுவன

முதலாவது: மருத்துவமனை எதுவாயினும், நோயின் பெயரும், மருந்து ஏன் எதற்கு என்பதும், எப்போது மீண்டும் வரவேண்டும் என்பதும் தமிழில் எழுதித் தரப்பெறவேண்டும். அரசு மருத்துவமனைகள் இதனை நாளையே தொடங்கலாம். 2021இல் எம் ஊரையும் இணைத்து அமைந்த தாம்பரம் மாநகராட்சி, தன் நலவாழ்வு நிலையங்களில் முதலிற் செய்துகாட்டட்டும்.

இரண்டாவது: மகப்பேற்று மனையை விட்டு வீடேகும் ஒவ்வொரு தாய்க்கும் இடர்க்குறிகளைத் தமிழில் அச்சிட்டுத் தரவேண்டும். கக்குவது பச்சை நிறமாயிருத்தல், குருதி கலந்திருத்தல், ஒவ்வொரு முறையும் தொலைவிற் பீறிட்டுப் பாய்தல், பால் குடிக்க மறுத்தல், எடை ஏறாமை, வயிறு உப்பிக் கல்லாதல், காய்ச்சல், ஓயாச் சோர்வு, சிறுநீர் குறைதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் உரைமருந்தைத் தேடாது மருத்துவரைத் தேடவேண்டும்.

மூன்றாவது: 2005 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சித்த மருத்துவப் பெருநிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்கெனத் தனித்துறை உண்டு. பிள்ளைப்பிணி மருத்துவம் என்று வீடுகளில் வழங்குவனவற்றுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று ஆய்ந்து, எளிய தமிழில் அத்துறை நாட்டுக்கு உரைக்கவேண்டும்.

நான்காவது நமக்கு. இவ்விதழைப் படிக்கும் தோழர் ஒவ்வொருவரும் தம் தாயிடமும் பாட்டியிடமும் சென்று, நோயையும் உடலையும் குறிக்கும் சொற்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். வழக்கு வேறுபாட்டோடு எழுதவேண்டும், பொருளோடு எழுதவேண்டும். அச்சொற்களைப் பேசுவோர் மூப்படைந்து மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்களோடு அவையும் எரிந்துவிடுமாயின், பின்னர் எந்த அகரமுதலியும் அவற்றை உயிர்ப்பிக்க இயலாது.

சென்ற கிழமை என் மகள் தன் தோழியொருத்தியோடு தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளைக்கும் ஏதோ நோய் போலும். அறையைக் கடந்த என் காதில் விழுந்தது இது: “வாமிட் வாமிட் என்று சொல்லாதே, பிள்ளை கக்குகிறதா, வாயாலெடுக்கிறதா? முதலில் அதைச் சரியாகப் பார்த்துச் சொல்.”

முப்பதாண்டு வகுப்பறையில் யான் செய்ய இயலாததை ஒரு குழவியின் கக்கல் செய்தது. தமிழைக் காப்போம் என்று கூவித் திரிந்தோம். தமிழ் நம் பிள்ளைகளைக் காக்கவல்லது என்பதை மறந்தோம். இனியேனும் நினைப்போம். ஒவ்வொரு தொட்டிலருகிலும் தமிழ் அறிவோடு நிற்கட்டும்!